வரிசையின் கரையில் நிற்கிறவன்

— இல்லை அண்ணை, இந்தக் கிழமை கிழவனையே போடுவம். கணக்குப்படி பாத்தா அதுதான் புத்தி.

— ஆறு கிழமையா நான் பெடியன் எண்டு சொன்னன், நீயும் ஓமெண்டு எழுதினனி. இண்டைக்குத்தான் உனக்குக் கிழவனில ஆசை வந்ததோ?

— ஆறு கிழமையும் என்ன கண்டனாங்கள்? பேப்பர் வந்த உடன ஒவ்வொரு தரமும் நான்தானே உங்களுக்கு வாசிச்சுக் காட்டினனான். பெடியன் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். டொயில் கிழவன் அதே ஆறு கிழமையும் மூண்டு, நாலு எண்டு ஒழுங்கா எடுத்துக்கொண்டு இருக்கிறார்.

— நேரம் என்ன?

— மூண்டு மணி.

— பகலோ?

— பகல்தான் அண்ணை. இப்பதானே சாப்பிட்டிட்டு வந்தனாங்கள். அவிச்ச உருளைக்கிழங்கும் அந்த மண்ணிறக் குழம்பும்.

— இதுக்குள்ள கிடந்தா எனக்கு எல்லா நேரமும் ஒரே நேரம்தான் தம்பி. கப்பலெண்டு சொல்லிக் கொண்டந்து விட்டாங்கள். பிரெடெரிசியாத் துறைமுகத்தில கட்டிப்போட்ட, ஓடாத கப்பல். தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒரு பெட்டி, ரெண்டு கட்டில், ஒரு லைற். பாசையூரில பிறந்து வளந்தவன் நான். காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது எண்டு தெரியாமல் ஐஞ்சு மாசம் படுத்தெழும்பிறன். விளங்கிச்சோ?

— விளங்குது. அதுக்காகத்தானே இந்தப் பாடு படுறம்.

— பாடு எண்டோ சொல்லுறாய். பேதுருவுக்குப் பெர்மிற் கிடைச்சு, ரண்டர்ஸில கொமூன எண்ட நகரசபை வீடும் குடுத்திட்டுது, சனிக்கிழமை போறான். அவன்ர யன்னல் அறைக்கு இந்தத் தட்டில இருக்கிற எட்டு அறையும் அடிபட்டது. தொர்பன் பாவம், றெட் குறோஸில வேலைக்குச் சேந்த நாளில இருந்து தலையிடி. கடைசியில என்ன சொன்னவர்? பேதுரு போற கிழமை விளையாட்டில எந்த அறை முதலாவதா நிக்குதோ, அந்த அறை ஆளுக்கு யன்னல் எண்டிட்டார். விளையாட்டு எண்டா, நாங்கள் ஆரும் கண்ணால காணாத அமெரிக்கப் பந்து விளையாட்டு. ஒவ்வொரு அறையும் மூண்டு ஆட்டக்காரரின்ர பேரைத் துண்டில எழுதிக் குடுக்கோணும், அவங்கள் அங்க எடுக்கிற புள்ளி இஞ்ச அறைக்கு.

— அமெரிக்கக்காரர் எல்லாரும் பாக்கிறவை.

— நான் பாக்கேல்லை. தொர்பன் ஒரு வருசம் அங்க படிக்கப் போய் நிண்ட வீட்டுக்காரர் கிழமைக்கிழமை பேப்பர் கட்டி அனுப்புதுகள். அது வர பத்து நாள். நாங்கள் இஞ்ச இருந்து இவனைப் போடுவமோ அவனைப் போடுவமோ எண்டு மண்டையை உடைக்கிறம். அங்க அவங்கள் விளையாடி முடிச்சு, குளிச்சு, வீட்டை போய்ப் படுத்துப் பத்து நாளாச்சு.

— எங்கட அலுவலும் அப்பிடித்தானே அண்ணை. கொப்பன்ஹேகனில ஆரோ ஒருத்தர் எங்கட அகதிப் பைலைப் பாத்து ஓமோ இல்லையோ எண்டு எப்பவோ எழுதியிருப்பார். கடிதம்தான் வந்து சேரேல்லை.

— உந்தக் கதையை விடு. உதைக் கதைச்சா எனக்கு நெஞ்சடைக்கும். பேப்பர்த் துண்டை எடு. பெடியன்ர படத்தை இன்னொருக்காப் பாப்பம்.

— நூறு தரம் பாத்திட்டியள்.

— நூத்தியொராம் தரம் பாக்கிறன். கொண்டா.

— இந்தாங்கோ. ஹார்லன் பீட். வயசு இருபத்திரண்டு. ஆறடி நாலு அங்குலம். இது முதலாம் வருசம். அண்ணை, நான் திரும்பவும் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. எறியிறவன், ஓடுறவன் எண்டு நாங்கள் எடுத்த மற்ற ரெண்டு பேரும் வேற சாதி வேலை. அவங்கள் வந்த வருசமே பேர் எடுப்பாங்கள். இவன் நிக்கிற இடம் அப்பிடி இல்லை. வரிசையின்ர கரையில நிக்கிறவன். பாதி நேரம் முன்னுக்கு வாறவனைத் தள்ளிப் பிடிக்கோணும், மற்றவன் ஓடுறதுக்கு வழி விட. மற்றப் பாதி நேரம் தானே ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்கோணும். ரெண்டு வேலையும் படிக்கக் கணக்குப்படி மூண்டு வருசம் போகும். தொர்பனும் அதைத்தான் சொன்னவர்.

— தொர்பன் சொன்னது கிடக்கட்டும். நீ படத்தைப் பார். கையைப் பாக்காத. காலைப் பார்.

— காலில என்ன கிடக்கு?

— வள்ளத்துக்கு ஆள் எடுக்கேக்க நான் ஒரு நாளும் ஆளின்ர புயத்தைப் பாத்தவனில்லை. புயம் எல்லாருக்கும் இருக்கும். வள்ளத்தில ஏறி நிக்கச் சொல்லுவன். அலை அடிக்கேக்க எந்தக் காலில பாரத்தை வைக்கிறான் எண்டு பாப்பன். நேசராஜா எண்டு ஒருத்தன், ஈர்க்குமாதிரி இருப்பான். எல்லாரும் சிரிச்சவை. நான் எடுத்தன். ரெண்டு மாரி அவன்தான் என்ர வலைக்குத் தலை. இந்தப் பெடியனைப் பார். முன்னால நிக்கிற மலைமாடு மாதிரி ஒருத்தனைத் தள்ளிக்கொண்டு நிக்கிறான். ஆனா அவன்ர வலக்கால் எங்கை திரும்பி நிக்குது? வெளியில. கண் எங்கை? தள்ளுறவனில இல்லை. மேல, பந்து வாற பக்கம். தள்ளி முடிக்க முன்னமே அவன் ஓடிப் போயிட்டான் தம்பி.

— படம் ஒரு செக்கன். கணக்கு ஆறு கிழமை.

— இன்னொண்டு கேக்கிறன். பூச்சியம் எடுக்கிறவன்ர படத்தை என்னத்துக்கு மூண்டு கிழமையாப் பேப்பரில போடுறாங்கள்?

— புதுப் பெடியன். முகவெட்டான பெடியன். அதுதான் போடுறாங்கள்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்டுமில்லை. போன கிழமை சிறீஸ்கந்தராசா மாஸ்ரர் படியில வைச்சு என்னைப் பாத்துச் சிரிச்சவர். கரையில நிக்கிறவங்களில இப்ப பீட் தான் பிடிகாரன் எண்டார். நக்கல். முதலாவதா நிக்கிற திமிர். எனக்குக் கன்னத்தில அறைஞ்ச மாதிரி இருந்தது. அப்பிடியே கீழ வந்திட்டன்.

— மாஸ்ரரோட நீங்கள் கதைக்கத் தேவையில்லை அண்ணை. அந்தாள் எல்லாரையும் நக்கலடிக்கும்.

— கதவு தட்டுப்படுது.

— ஆர்?

— நான்தான், பேதுரு. உள்ள வரலாமோ? நிக்க நேரமில்லை, சும்மா எட்டிப் பாத்தனான். தக், தக், நன்றி, இருக்கேல்லை. பெட்டி அடுக்கிறன். இன்னாசி அண்ணை, மறந்திடாதேங்கோ, நாலு மணிக்கு எல்லாரும் மேல வரவேணுமாம். நீங்களும்.

— நான் உந்தக் கூட்டத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லையே பேதுரு. அது நான் மேல்தட்டில காத்து வாங்கிற நேரம். ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிப் போடுவாங்கள்.

— இண்டைக்கு வரத்தான் வேணும். இவ்வளவு நாளும் தொர்பன் துண்டுகளைத் தானே எடுத்துப் பாத்திட்டுப் பலகையில மொத்தப் புள்ளியை மட்டும் எழுதினவர். இண்டைக்குக் கடைசி எண்டதால எல்லாருக்கும் முன்னால வைச்சு, எந்த அறை ஆரைப் போட்டது எண்டு ஒவ்வொரு துண்டா உரத்து வாசிக்கப் போறாராம். கேக்கும் வாங்கியிருக்கிறார்.

— அது தெரியும் பேதுரு அண்ணை. காலமை சொன்னவர்.

— சிவபாலன், நீ ஏன் இப்பிடி வெளிறிப்போய் இருக்கிறாய்? சுகமில்லையோ?

— ஒண்டுமில்லை. நித்திரை காணாது.

— சரி. இன்னாசி அண்ணை, யன்னலுக்கு ஒரு கொளுக்கி கொஞ்சம் இறுக்கம். கீழ தட்டிப்போட்டு இழுங்கோ, ஒரு சாண் திறபடும். காலமையில பாலம் முழுக்கத் தெரியும். மீன்பிடி வள்ளம் ரெண்டு போகும், நீங்கள் பாத்தாச் சிரிப்பியள், அவங்கள் வலை இழுக்கிற சீரை. நான் உங்களுக்குத்தான் வேண்டிக்கொண்டு இருக்கிறன், இன்னொருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அந்தப் பீட் பெடியனை மட்டும் கை விட்டிடாதேங்கோ, அவன் இப்ப—

— பேதுரு அண்ணை, நாலு மணிக்கு முதல் துண்டு எழுதோணும். நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்காக் கதைச்சு முடிக்கிறம். பிறகு மேல வந்து கதைக்கிறன்.

— சரி சரி, எழுதுங்கோ. வாறன்.

— கதவைத் திறந்தே விடு பேதுரு. கொஞ்சம் காத்து வரட்டும்.

— போயிட்டார்.

— ஏன் தம்பி அந்த மனிசனைக் கலைச்சனி?

— கலைக்கேல்லை அண்ணை. நேரம் போகுது. சொல்லுங்கோ, டொயில் எண்டு எழுதுறன்.

— பொறு. எனக்கு இங்கிலீஸ் எழுத்துத் தெரியாது. உன்ரை கணக்குக் கொப்பியும் விளங்காது. ஆனா மீன் கூறு போடுற கணக்கு விளங்கும். நாங்கள் எத்தினை பின்னால நிக்கிறம்?

— ஏழு.

— மாஸ்ரர்ர அறை ஏழு புள்ளி முன்னால. எங்கட எறியிறவனும் ஓடுறவனும் அவையின்ர ஆக்களும் ஏறக்குறையச் சமன். அப்பிடித்தானே நீ சொல்லுறனி?

— ஓம்.

— பெடியன் பந்தைப் பிடிச்சுக்கொண்டு கோட்டுக்குள்ள விழுந்தா ஆறு. பத்து யார் தூரம் ஓடினா ஒண்டு. ஒரு நாள் வாய்ச்சா எட்டு, பத்து, பன்னிரண்டு கூட வரும். வராமலும் போகும். கிழவனைப் போட்டா நாலு. எப்பவும் நாலு.

— நிச்சயமான நாலு.

— ஏழு பின்னால நிக்கிறவன் நிச்சயமான நாலை வைச்சு என்னத்தைச் செய்யிறது? நாலு எடுத்து ஏழை எப்பிடித் தாண்டுறது?

— எழுதுவம் அண்ணை, நேரம் போகுது.

— சொல்லன். கந்தோரில கணக்கு எழுதின ஆள் நீ. நான் கடலில நிண்டவன். எனக்கே தெரியுது, கிழவனைப் போட்டா நாங்கள் தோக்கிறது நிச்சயம் எண்டு. உனக்குத் தெரியேல்லையோ?

— ரெண்டாவதா வந்தாலும் மரியாதைதானே அண்ணை.

— ரெண்டாவதா வந்தவனுக்கு யன்னல் குடுப்பினமோ? சும்மா சொல்லாத சிவபாலன். என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு. உனக்கு நாங்கள் வெல்லுறது விருப்பமில்லை.

— அப்பிடி இல்லை.

— மாஸ்ரரோட ஏதும் பேசி வைச்சியோ?

— ஐயோ, இல்லை அண்ணை.

— அப்ப என்ன? அந்த அறை ஒரு கட்டில் அறை, வெண்டா அண்ணை நீங்கள்தான் போறது எண்டு முதல் நாளே சொன்னவன் நீ. நான் கேக்கேல்லை. நீயாச் சொன்னனி. நேவிக்காரர் கடலில பிடிச்சு மூண்டு நாள் என்னை வள்ளத்தின்ர அடித்தட்டில போட்டு மேல பலகையால மூடினவங்கள் எண்டு நான் உனக்கு மட்டும்தான் சொன்னனான். என்ர மனிசி விக்ரோரியாவுக்குக் கூட எழுதேல்லை. ஒவ்வொரு இரவும் நான் எழும்பி நடையில வாயைத் திறந்துகொண்டு நிக்கிறதை நீ பாக்கிறாய். பாத்தும் நாலைக் காட்டுறாய். ஏன்?

— தெரியாது.

— தெரியும். சொல்லு.

— சொன்னா என்னை மனிசனா மதிக்க மாட்டியள்.

— சொல்லாட்டியும் மதிக்க மாட்டன். சொல்லு.

— நீங்கள் எழும்புற சத்தம் கேட்டாத்தான் எனக்கு நித்திரை வரும் அண்ணை.

— என்ன?

— கட்டில் கிரீச்செண்டும். செருப்பைத் தேடுவியள். கதவைத் திறப்பியள். பிறகு நடையில நிண்டு செபமாலை உருட்டுவியள், மணி ஒண்டோட ஒண்டு முட்டுற சத்தம். அது கேக்குமட்டும் நான் முழிச்சுக்கொண்டு கிடப்பன். அது கேட்டா, ஆள் இருக்கு, நான் தனிய இல்லை எண்டு நித்திரையாப் போவன். என்னை ஆமிக் காம்பில நாப்பத்தொரு நாள் தனிய வைச்சிருந்தவங்கள். ஆரும் அடிச்சது அவ்வளவாய் நினைவில்லை. தனிய இருந்ததுதான் நினைவு. பத்தாம் நாள் சுவரோட கதைக்கத் தொடங்கினன். இருபதாம் நாள் சுவர் மறுமொழி சொன்னது.

— இதை ஒரு நாளும் நீ சொல்லேல்லை.

— உங்களுக்கு மூச்சு முட்டுது எண்டு சொல்லலாம், டொக்டர் குளிசை தருவார். தனியப் படுக்கப் பயமா இருக்கு எண்டு முப்பது வயசு ஆம்பிளை ஆருக்குச் சொல்லுறது? ஒக்டோபரில அகதிச் சட்டத்தை மாத்தினதோட புது ஆக்கள் வாறதும் நிண்டு போச்சு. நீங்கள் மேல போனா உந்தக் கட்டில் வெறுங்கட்டிலாத்தான் கிடக்கும். லைற்றைப் போட்டாலும் சரி, நிப்பாட்டினாலும் சரி, நானும் சுவரும்.

— அதுக்காக என்னை இதுக்குள்ளேயே வைச்சிருக்கப் பாத்தியோ?

— ஓம்.

— ஓமெண்டு சொல்ல உனக்கு வெக்கமில்லை.

— வெக்கமாத்தான் இருக்கு.

— எனக்குக் கோபம் வருது தம்பி. இந்தக் கையால ஒண்டு போட்டன் எண்டா நீ அந்தப் பக்கம் போய் விழுவாய்.

— போடுங்கோ அண்ணை.

— சும்மா இரு. ... அழாத. நான் அடிக்கேல்லையே. எழும்பி முகத்தைக் கழுவு. நேரம் என்ன?

— மூண்டே முக்கால்.

— நான் ஒண்டு சொல்லுறன், கேள். நீ இல்லாமல் இந்த ஐஞ்சு மாசம் நானும் எப்பிடி இருந்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது. பொலிஸ் விசாரணைக்குப் போகேக்க என்ர சேட்டை அயன் பண்ணி மினுக்கித் தந்தது ஆர்? விக்ரோரியாவுக்குக் கடிதத்தில இங்கிலீஸ் விலாசம் எழுதித் தாறது ஆர்? கிழவன்ர பேரை எழுது.

— அண்ணை?

— எழுது எண்டுறன். டொயிலோ என்னவோ. யன்னலை மாஸ்ரர் வைச்சுக்கொண்டு முட்டையிடட்டும். நான் இஞ்சயே கிடக்கிறன். நீ நித்திரை கொள்ளு. நான் நடையில நிக்கிறன். ரெண்டு பேரில ஒருத்தனெண்டாலும் நித்திரை கொள்ளட்டும்.

— அண்ணை, நீங்கள் அப்பிடிச் சொல்லக் கூடாது.

— ஏன் கூடாது? நான் பெரிய தியாகம் செய்யிறன் எண்டு நினையாத. எப்பிடியும் நாங்கள் வெல்லப் போறேல்லை. பெடியனைப் போட்டா மட்டும் என்ன, ஏழாம் பூச்சியம். உண்மையைச் சொன்னா, யன்னல் போறது எனக்குப் பெரிய கவலை இல்லை தம்பி. மற்றதுதான் கவலை.

— எது?

— என்ர கண். முப்பது வருசம் ஆளைப் பாத்து ஆள் எடுத்தவன். ஒருத்தன் பிழைச்சதில்லை. அந்தக் கடலில எனக்கு எண்டு இருந்தது அது ஒண்டுதான். வள்ளம் போச்சு, வலை போச்சு, கண்ணெண்டாலும் என்னோட வந்தது எண்டு நினைச்சன். இந்தப் பெடியனைப் படத்தில கண்ட அண்டைக்கு, மாதாவாணை, நேசராஜாவைக் கண்ட மாதிரி இருந்தது. இவன் எழும்புவான் எண்டு நெஞ்சு சொன்னது. பிறகு நீ ஒவ்வொரு கிழமையும் பேப்பரை விரிச்சுப் பூச்சியம், பூச்சியம் எண்டு வாசிக்க வாசிக்க, நான் கேட்டுக்கொண்டு இருந்தன். உள்ளுக்குள்ள ஏதோ செத்துக்கொண்டு வந்தது. இப்ப என்ர கண்ணை எனக்கே நம்பேலாது. நாளைக்கு என்னை வெளியில விட்டாலும் நான் ஆரை நம்பி, எதை நம்பி நடக்கிறது? ரொட்டிக் கடையில நிக்கிறவன் நல்லவனோ கெட்டவனோ எண்டே எனக்குத் தெரியாது போல கிடக்கு. அப்பிடிப்பட்டவனுக்கு யன்னல் என்னத்துக்கு, என்னத்தைப் பாக்க?

— துண்டை எடுத்திட்டன் அண்ணை.

— என்ன, பேனையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய். எழுதன்.

— எழுதேலாமல் கிடக்கு.

— இஞ்ச தா, நான் துண்டைப் பிடிக்கிறன், நீ எழுது. நேரம் போகுது, மேல எல்லாரும் கூடியிருப்பினம்.

— அண்ணை, உங்கட கண்ணுக்கு ஒண்டுமில்லை.

— ஆறுதலுக்குச் சொல்லாத. எனக்கு அது பிடிக்காது.

— ஆறுதலுக்கு இல்லை.

— அப்ப என்ன?

— நான் ஒரு கிழமையும் அவன்ர பேரை எழுதேல்லை, அண்ணை. கிழவன்ர பேரைத்தான் எழுதினனான், உங்களுக்குப் பூச்சியம் எண்டு வாசிச்சதும் பொய். ஆறு கிழமையாப் பெடியன் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறான்.